மூன்று துப்பாக்கிகளும் ஒரு சைக்கிளும்

கடந்த தீபாவளி விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பின்பக்கக் கொட்டகையில் பழைய தகரங்களுக்கும் பால் வாளிகளுக்கும் பின்னால் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. டயர் இல்லை. சீட்டும் பாதிதான் மிச்சம். "நாளைக்குப் பழைய இரும்புக்காரன் லாரி வரும், தூக்கிப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா. நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தா, "அதைத் தொடாதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தொடக்கூடாத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற ஆவலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, தடித்த கறுப்புச் சாயத்துக்கு அடியிலிருந்து ஓர் உலோகச் சின்னம் எட்டிப் பார்த்தது. மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கூம்பு போல நின்றன. கூடவே பி.எஸ்.ஏ. என்ற எழுத்துகள்.

"ஏம்மா, எஞ்சினியருக்குப் படிக்கிறியே, சைக்கிளுக்கு எதுக்குத் துப்பாக்கின்னு தெரியுமா?" என்று தாத்தா கேட்டார். மூன்றாண்டுகளாக இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

கைவினைஞர்களின் நகரம்

பி.எஸ்.ஏ. என்பது 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்ற பெயரின் சுருக்கம். இங்கே 'ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பது பீரங்கி போன்ற பெரிய ஆயுதங்கள் அல்லாத, ஒரு வீரர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய துப்பாக்கி வகைகளைக் குறிக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு வட்டாரம் இருந்தது. அங்கே ஒரு துப்பாக்கி ஒரே கூரையின் கீழ் உருவாகவில்லை. குழலை ஒருவர் செய்வார், விசையை இன்னொருவர் செய்வார், மரக்கட்டையை மற்றொருவர் செதுக்குவார். கடைசியில் ஒரு கைதேர்ந்த தொழிலாளி எல்லாவற்றையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்துவார்.

இம்முறையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு துப்பாக்கிகளின் பாகங்களை மாற்றிப் பொருத்த முடியாது. போர்க்களத்தில் ஒரு விசை உடைந்தால் பக்கத்து வீரரின் பழுதான துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட இயலாது. அதற்கும் ஒரு கைவினைஞர்தான் வேண்டும்.

1854-இல் பிரிட்டன் கிரைமியப் போரில் இறங்கியது. இலட்சக்கணக்கில் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. அரசாங்கம் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த தனது ஆயுதத் தொழிற்சாலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்தது. அவ்வியந்திரங்கள் ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பாகங்களை வெட்டித் தள்ளின. தலைமுறை தலைமுறையாகக் கைத்திறனை நம்பி வாழ்ந்த பர்மிங்ஹாம்காரர்களுக்குத் தொழில் பறிபோகும் நிலை வந்தது.

அழிவதா, மாறுவதா என்ற கேள்வி எழுந்தபோது அவர்கள் மாறுவது என்று முடிவு செய்தார்கள். 1861-ஆம் ஆண்டு 14 துப்பாக்கித் தொழில் முதலாளிகள் கூடி, இயந்திரத்தால் துப்பாக்கி செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்மால் ஹீத் என்ற இடத்தில் 25 ஏக்கர் நிலம் வாங்கித் தொழிற்சாலை கட்டினார்கள். அங்கு செல்வதற்குப் போட்ட சாலைக்கு 'ஆர்மரி ரோடு', அதாவது ஆயுதச்சாலைத் தெரு என்று பெயரிட்டார்கள். 1863-இல் துருக்கிய அரசாங்கத்திடமிருந்து 20,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கிடைத்தது.

துப்பாக்கிக்கு வேலை இல்லாதபோது

ஆயுதத் தொழிலுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. உலகம் அமைதியாக இருந்தால் தொழிற்சாலை பட்டினி கிடக்கும். பி.எஸ்.ஏ.யும் அதற்கு விலக்கல்ல. ஆர்டர் இல்லாமல் 1879-இல் தொழிற்சாலை ஓராண்டு காலம் மூடியே கிடந்தது. விலையுயர்ந்த இயந்திரங்களையும் பழகிய தொழிலாளர்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போதுதான் 1880-இல் ஓட்டோ என்பவர் ஒரு புதுவகை வாகனத்துடன் வந்தார். அதில் இரண்டு பெரிய சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். ஓட்டுபவர் நடுவில் அமர வேண்டும். இயக்குநர்கள் முன்னிலையில் கூட்ட அறையின் மேசைமீதே அதை ஓட்டிக் காட்டி, பிறகு படிக்கட்டில் இறங்கி வெளியே ஆர்மரி ரோட்டில் ஓட்டிச் சென்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், நிறுவனம் அவ்வாகனத்தைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது உண்மை. அதன்பின் இன்று நாம் காணும் வடிவத்திலான சைக்கிள்களையும் அவற்றின் பாகங்களையும் செய்யத் தொடங்கியது.

துப்பாக்கி செய்தவர்களால் எப்படிச் சைக்கிள் செய்ய முடிந்தது? என் தாத்தாவின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படைத் தேவைகள் ஒன்றே.

முதலாவது, குழாய். துப்பாக்கியின் குழல் நேராகவும் உட்பக்கம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் அச்சும் நடுக்குடமும் அப்படித்தான். சற்றே கோணினாலும் சக்கரம் தள்ளாடும்.

இரண்டாவது, எஃகின் கடினம். துப்பாக்கியின் விசை பல்லாயிரம் முறை உரசினாலும் தேயக்கூடாது. அதற்காக எஃகின் மேற்பரப்பை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர். சைக்கிளின் பேரிங் குண்டுகள் உருளும் கிண்ணங்களுக்கும் அதே பக்குவம் தேவை.

மூன்றாவது, மிக முக்கியமானது, அளவு. ஒவ்வொரு பாகத்தையும் ஓர் அளவுக் கருவிக்குள் நுழைத்துப் பார்ப்பார்கள். நுழைய வேண்டிய இடத்தில் நுழையாவிட்டாலும், நுழையக்கூடாத இடத்தில் நுழைந்துவிட்டாலும் அப்பாகம் குப்பைக்குப் போகும். இந்தக் கண்டிப்பால், எந்தப் பாகத்தையும் எந்தச் சைக்கிளிலும் பொருத்தலாம் என்ற நிலை உருவானது. மற்ற சிறு நிறுவனங்களும் பி.எஸ்.ஏ. பாகங்களை வாங்கித் தங்கள் சைக்கிள்களில் பொருத்தி விற்றன.

இதற்குச் சான்று இன்றும் நம்மிடையே இருக்கிறது. பெடல்கள் சுழலும் அச்சு உட்காரும் இடத்தில் உள்ள திருகு மரையின் ஓர் அளவுக்கு உலகெங்கும் 'பி.எஸ்.ஏ. மரை' என்றே பெயர். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் இதைப் பற்றிக் கேட்டபோது, சீனத் தவுக்கே சிரித்துக்கொண்டே புத்தம்புது மலைச் சைக்கிள் ஒன்றின் பாகத்தை எடுத்துக் காட்டினார். அதன் அட்டைப் பெட்டியில் பி.எஸ்.ஏ. என்று அச்சிட்டிருந்தது. அது ஒரு துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் என்று அவருக்கும் அதுவரை தெரியாது.

மோட்டார் சைக்கிளும் இரு உலகப் போர்களும்

சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தாவுவது ஓர் எட்டு தூரம்தான். 1910-இல் பி.எஸ்.ஏ. தன் முதல் மோட்டார் சைக்கிளைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு டெய்ம்லர் கார் நிறுவனத்தையும் வாங்கியது.

1914-இல் முதல் உலகப் போர் வெடித்ததும் ஸ்மால் ஹீத் மீண்டும் முழுமூச்சாக ஆயுதச்சாலையானது. போர் முடிவதற்குள் சுமார் 15 லட்சம் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளையும், 145,000-க்கும் அதிகமான லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளையும் அது செய்து தந்தது. லீ-என்ஃபீல்டு என்ற பெயரில் 'லீ' என்பது அதன் தாழ்ப்பாள் அமைப்பை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயைக் குறிக்கும். 'என்ஃபீல்டு', நாம் முன்பு பார்த்த அரசாங்கத் தொழிற்சாலை இருந்த ஊர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் நண்பர்கள் பலர் ஆசைப்படும் ராயல் என்ஃபீல்டு புல்லட் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. ரெடிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துவந்த அந்த நிறுவனம், என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்து தந்ததால் அப்பெயரைச் சூடிக்கொண்டது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பதே அதன் விளம்பர வாசகம். 1955-இல் அதன் இந்தியக் கிளை நிறுவனம் சென்னையில் தொடங்கியது. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்தான். ஆயினும் துப்பாக்கியில் பழகிய கை சைக்கிளைச் செய்தது என்பதே இரண்டின் கதையும்.

இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ.யின் உற்பத்தி இன்னும் பெருகியது. சுமார் 12.5 லட்சம் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள், 4 லட்சத்துக்கும் அதிகமான ஸ்டென் துப்பாக்கிகள், 468,000 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள், 126,000 மோட்டார் சைக்கிள்கள் என்று கணக்கு நீள்கிறது. இவற்றோடு 128,000 இராணுவச் சைக்கிள்களும் உண்டு. அவற்றில் 60,000-க்கும் மேற்பட்டவை வான்குடைப் படையினருக்காக மடித்து வைக்கும்படி செய்யப்பட்டவை.

இந்த எண்களைப் படிக்கும்போது வியப்பாக இருக்கும். ஆனால் இவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னோர் எண் 53. 1940 நவம்பர் 19-ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையின்மீது குண்டு வீசின. மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. இரவு வேலையில் இருந்த தொழிலாளர்கள் 53 பேர் மாண்டார்கள். ஆயுதம் செய்பவர்கள் போருக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர் என்பதை அந்த இரவு காட்டியது. அவர்கள் செய்த துப்பாக்கிகளால் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் கணக்கு இல்லை.

தோட்டத்துக்கு வந்த மூன்று துப்பாக்கிகள்

இவ்வளவையும் படித்துவிட்டுத் தாத்தாவிடம் சென்றேன். பொறுமையாகக் கேட்டவர், அதன் பிறகே சைக்கிளின் கதையைச் சொன்னார்.

அந்தச் சைக்கிள் தாத்தாவின் அப்பாவுடையது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டினார். ஒரு கிராணியிடமிருந்து பழைய சைக்கிளாக அதை வாங்கினாராம். லயத்தில் அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர்தான். தாத்தா சிறுவனாக அதன் முன்கம்பியில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு கிடைக்காமல் செய்வது அரசாங்கத்தின் திட்டங்களில் ஒன்று. புதுக்கிராமங்களையும் தோட்ட லயங்களையும் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. பல இடங்களில் வேலைக்குப் போகும்போது சாப்பாடு எடுத்துச் செல்லவும் தடை. அதிகாலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர்கள் சோதனை செய்தார்கள். சைக்கிள் பம்புக்குள்ளும் சட்டத்தின் குழாய்களுக்குள்ளும் அரிசி கடத்தப்பட்டதால் சைக்கிள்களுக்குத் தனிச் சோதனை உண்டு.

"பம்பைக் கழட்டித் தட்டிப் பார்ப்பாங்க. சீட்டைத் தூக்கிக் குழாய்க்குள்ள குச்சியை விட்டுப் பார்ப்பாங்க. ஒரு நாள் ஒருத்தன் இந்தத் துப்பாக்கிப் படத்தைக் காட்டி, இது என்னன்னு அதட்டிக் கேட்டான். வேடிக்கைக்குத்தான் கேட்டிருப்பான். எங்கப்பாவுக்குக் கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கறுப்புச் சாயம் வாங்கிப் பூசிட்டாரு."

சாயத்துக்குக் காரணம் அதுதான்.

நான் நூலகத்தில் படித்த ஒரு செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் காட்டுப் போருக்கென்று லீ-என்ஃபீல்டைக் குட்டையாகவும் இலேசாகவும் மாற்றினார்கள். ஐந்தாம் எண் துப்பாக்கி எனப்பட்ட அதைச் செய்த இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்று பி.எஸ்.ஏ.யின் ஷெர்லி தொழிற்சாலை. அவசரகால மலாயாவில் பயன்பட்ட துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. அந்த வாசலில் நின்ற காவலரின் தோளில் தொங்கியது எந்தத் தொழிற்சாலைத் துப்பாக்கி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சோதனை செய்தவரின் துப்பாக்கியும் சோதிக்கப்பட்டவரின் சைக்கிளும் ஒரே நிறுவனத்தில் பிறந்திருக்க இடமுண்டு. இதைச் சொன்னபோது தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டையும் வித்துக் காசு பார்த்தவன் ஒருத்தன்தான்னு சொல்லு" என்றார்.

வீழ்ச்சிக்கு என்ன காரணம்?

போருக்குப் பிந்திய பத்தாண்டுகள் பி.எஸ்.ஏ.யின் பொற்காலம். 1951-இல் டிரையம்ப் நிறுவனத்தை வாங்கியது. அன்று உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமாக அது விளங்கியது. அதன் 'பாண்டம்' என்ற 125 சி.சி. வண்டி இலட்சக்கணக்கில் விற்றது. பிரிட்டனில் தந்திச் சேவகர்கள் சிவப்பு நிற பாண்டம்களில் வலம்வந்தனர்.

இந்த பாண்டம் பி.எஸ்.ஏ.யின் சொந்த வடிவமைப்பு அன்று. தோற்ற ஜெர்மனியிடமிருந்து போர் இழப்பீடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் வரைபடம் அது. அதே ஜெர்மானிய வண்டியைப் பார்த்து ஜப்பானிலும் ஒரு நிறுவனம் 1955-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அந்நிறுவனத்தின் பெயர் யமஹா! ஒரே வரைபடத்திலிருந்து புறப்பட்ட இருவரில் ஒருவர் இன்று நம் சாலையெங்கும் ஓடுகிறார். மற்றவர் எங்கே போனார்?

முதல் காரணம், தலைமையின் போக்கு. தலைவராக இருந்த சர் பெர்னார்டு டாக்கரும் அவர் மனைவியும் பொன்முலாம் பூசிய டெய்ம்லர் கார்களில் பவனி வந்தது அன்றைய பத்திரிகைகளுக்குத் தீனியானது. 1956-இல் இயக்குநர் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1957-இல் சைக்கிள் பிரிவு ராலே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1960-இல் டெய்ம்லர் ஜாகுவாருக்குக் கைமாறியது.

இரண்டாவது, போட்டியாளரைக் குறைத்து மதிப்பிட்டது. 1958-இல் ஹோண்டா தன் 'கப்' வண்டியை வெளியிட்டது. நம் நாட்டில் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கிறோமே, அந்தக் குடும்பத்தின் மூதாதை அதுதான். ஜப்பானியர் சின்ன வண்டிகளைச் செய்து கற்றுக்கொடுக்கட்டும், பழகியவர்கள் பிறகு நம் பெரிய வண்டிக்கு வருவார்கள் என்று பிரிட்டிஷ் தொழிலதிபர்கள் கருதினார்கள். ஆனால் 1969-இல் ஹோண்டாவே நான்கு சிலிண்டர் கொண்ட 750 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும், எண்ணெய் ஒழுகாது. பி.எஸ்.ஏ. 1968-இல் வெளியிட்ட 'ராக்கெட் 3' வேகமான வண்டிதான். ஆனால் அதைக் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. 1861-இல் புதிய இயந்திரங்களை வாங்கியதால் பிறந்த நிறுவனம் அது. நூறாண்டு கழித்து, தேய்ந்துபோன பழைய இயந்திரங்களையே கட்டிக்கொண்டு கிடந்தது. 1971-இல் நட்டம் 80 லட்சம் பவுனைத் தாண்டியது. 1973-இல் அரசாங்க உதவியுடன் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற புதிய நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டது. விரைவில் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையும் மூடப்பட்டு, அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன.

பெயர் மட்டும் பிழைத்தது

நிறுவனம் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. காற்றுத் துப்பாக்கிப் பிரிவை 1986-இல் ஸ்பெயினின் காமோ நிறுவனம் வாங்கியது. சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இலர். மோட்டார் சைக்கிள் பெயரை 2016-இல் இந்தியாவின் மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கி, 2021-இல் புதிய 'கோல்டு ஸ்டார்' வண்டியைப் பர்மிங்ஹாமிலேயே அறிமுகப்படுத்தியது. ஒரு காலத்தில் இந்தியாவை ஆண்ட நாட்டின் ஆயுதக் கம்பெனிப் பெயர் இன்று இந்தியர் கையில்!

நண்பர்களே, ஒரு தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று வகுப்பில் விவாதிக்கிறோம். ஒரே கடைசல் இயந்திரம் காலையில் துப்பாக்கிக் குழலையும் மாலையில் சைக்கிள் அச்சையும் கடையும். இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது. அதை இயக்குகிறவர்களுக்கும் ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கும்தான் தெரிய வேண்டும். நாளை பொறியாளர்களாகப் போகும் நமக்கும் அந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. புது டயர் மாட்டி, சின்னத்தின்மேல் மிச்சமிருக்கும் சாயத்தையும் சுரண்டிப் பளபளப்பாக்கட்டுமா என்று தாத்தாவிடம் கேட்டேன். "டயரை மாட்டு. சாயம் அப்படியே இருக்கட்டும். அது எங்கப்பா பூசுனது" என்றார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். பழைய இரும்பு லாரி வருவதற்கு முன்னால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.